பச்சைப் புள்ளி

கைப்பேசி வரைபடத்தில், டெல்ரே தன் வீட்டின் மேல் வைத்திருந்த சிவப்புப் புள்ளி பச்சையாகியிருந்தது. பச்சை என்றால் ஆளை மீட்டாயிற்று என்று அர்த்தம். டெல்ரேயோ இன்னும் சீலிங்குக்கும் தகரக் கூரைக்கும் நடுவே, எழுந்து உட்காரக்கூட இடமில்லாமல், எலிப் புழுக்கை நாற்றம் மூக்கில் ஏற, ஈரப் பஞ்சின் மேல் மல்லாந்து கிடந்தாள்.

விடிவதற்குள் ஆற்று வெள்ளம் கட்டில் உயரத்துக்கு வந்தது, பிறகு அலமாரிக்கு, இப்போது அவள் ஏறி வந்த சதுர ஓட்டைக்குச் சற்றுக் கீழே வரை; மிதந்த பிரிட்ஜ் சுவரில் மோதி மோதித் திரும்பிக்கொண்டிருந்தது. அவசர எண் மூன்று மணி நேரமாகக் கிடைக்கவில்லை. சிக்கியவர்கள் தாங்களே புள்ளி வைத்தார்கள். படகு வைத்திருந்த ஊர்க்காரர்கள் சிவப்பைப் பார்த்துப் போனார்கள். பச்சைப் பக்கம் யாரும் திரும்பமாட்டார்கள்.

மேட்டுப் பள்ளிக்கூடத்தில் புள்ளிகளைக் கவனிக்கும் தன்னார்வலப் பெண் டாம்சினை எப்படியோ கைப்பேசியில் பிடித்துவிட்டாள்.

“பதினாலாம் நம்பர் வீட்டம்மா இங்க வந்து சேர்ந்தாச்சே. நீல மழைக்கோட்டு. அவங்களே கையெழுத்துப் போட்டிருக்காங்க.”

“அடிப்பாவி, அந்த வீட்டம்மா நான்தான்டி! இங்க கிடக்கேன்!”

“கோச்சுக்காதீங்கம்மா. சிவப்பே இன்னும் தொண்ணூறு இருக்கு. வீட்டு ஆளுங்க சொன்னாத்தான் மாத்தலாம். உங்க வீட்டுக்காரர் இங்கதான் இருக்கார், குடுக்கறேன்.”

மெர்வ் நேற்றே மாடுகளை மேட்டுக்கு ஓட்டிப் போனவன். அவன் தொண்டையைச் செருமிய சத்தத்திலேயே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“மெர்வ், நான்தான். படகு அனுப்பச் சொல்லு.”

“யாரும்மா நீ? விளையாடற நேரமா இது? என் பொண்டாட்டி பக்கத்துல உக்காந்து டீ குடிச்சிட்டிருக்கா.”

அவனுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு. முடிவில் மூக்கால் இழுக்கும் சிரிப்பு. டெல்ரேயின் சிரிப்பு.

கைப்பேசி கை மாறியது.

“கத்தாதே கண்ணு,” என்றது அவளுடைய குரலே, ரகசியமாக. “நானும் கத்திப் பார்த்தேன். கொஞ்ச நேரந்தான்.”

இணைப்பு அறுந்தது.

வெளியே மோட்டார் சத்தம். பக்கத்தில். மிகப் பக்கத்தில். இரண்டு கைகளாலும் தகரத்தை அறைந்தாள்.

“உள்ள யாரோ தட்டற மாதிரி இல்ல?”

“பச்சைடா அது. ஏதாவது மிதந்து முட்டும். நீ விடு, அடுத்த தெருல குழந்தைங்க இருக்கு.”

சத்தம் தேய்ந்தது.

முதுகில் சில்லிப்பு. தண்ணீர் ஓட்டையைத் தாண்டிவிட்டது.

கைப்பேசி வெளிச்சத்தை மேலே திருப்பினாள். முகத்துக்கு ஒரு சாண் மேலே தகரம். துருவைக் கீறிக்கொண்டு ஐந்து வெள்ளைக் கோடுகள். பக்கத்தில் இன்னும் ஐந்து. புதிய கோடுகள். அவள் கீறவில்லை. இதுவரை கீறவில்லை.

விரல்களை அவற்றின் மேல் வைத்தாள்.

ஐந்தும் பொருந்தின.