கவிழ்த்து வைத்த டம்ளர்

சாப்பாட்டு மேசையின் நடுவில் ஒரு கண்ணாடி டம்ளர் கவிழ்ந்திருந்தது. ஆஸ்திரேலியாவின் மில்டூராவில், ஜனவரிக் கோடை வெயிலில், அதற்கு ஒரே அர்த்தம்தான்: யாரோ உள்ளங்கை அகலச் சிலந்தியைப் பிடித்து மூடிவைத்துவிட்டு, வெளியே கொண்டுபோய் விடும் வேலையை அடுத்தவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஆரஞ்சுக் கொட்டகையில் எட்டு மணி நேரம் பெட்டி கட்டிவிட்டு வந்திருந்த லீயனுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. நாற்பத்து நான்கு டிகிரிக்குப் பயந்து எல்லாத் திரைகளையும் இறக்கியிருந்ததால், பட்டப்பகலிலேயே வீடு கிணற்றுக்குள் இருப்பதுபோல் இருண்டு கிடந்தது. டம்ளரின் உட்பக்கம் முழுக்க ஆவி படிந்திருந்ததால் உள்ளே இருப்பது தெரியவில்லை. அடியில் அட்டையைச் செருக லேசாகத் தூக்கினாள்.

ஒன்றுமில்லை. ஈரச் சாக்கு நாற்றம் மட்டும் முகத்தில் அடித்தது.

தப்பித்துவிட்டது சனியன் என்று திட்டிக்கொண்டே திரைக்குப் பின்னால், செருப்புகளுக்குள், நாற்காலிகளுக்கு அடியில் தேடினாள். அங்கேதான் காகிதத் துண்டுகள் சிதறிக் கிடந்தன, மின்விசிறிக் காற்றில் பறந்து விழுந்தவை. ஒவ்வொன்றிலும் மகள் டீகனின் கையெழுத்தில் ஒரு எழுத்து.

லீயனுக்குப் புரிந்துவிட்டது: எழுத்துகளைச் சுற்றி வைத்து, நடுவில் டம்ளரைக் கவிழ்த்து, ஆவியைக் கூப்பிட்டிருக்கிறாள். ஆவியைக் கூப்பிடும் பலகை ஒன்றைப் போன குளிர்காலத்தில் டீகன் பழைய சாமான் கடையிலிருந்து வாங்கி வந்தபோது, அன்றைக்கே விறகடுப்பில் போட்டு எரித்தவள் லீயன். பதின்மூன்று வயதுப் பிள்ளை அழுததைக்கூடப் பொருட்படுத்தவில்லை. சிறுவயதில் அவளும் அக்கா ரோண்டாவும் அந்த விளையாட்டை விளையாடி, வந்ததை வழியனுப்பாமல் பாதியில் எழுந்து ஓடியிருக்கிறார்கள். அதன்பிறகு ரோண்டா தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்ததே இல்லை.

குளியலறைக் கதவை உள்ளிருந்து நகத்தால் தட்டும் சத்தம் கேட்டது. டொக், டொக், டொக். எப்போதும் மூன்று. டீகனின் பழக்கம் அது.

"அம்மா, அந்த டம்ளரத் தூக்கிட்டியா?"

"சிலந்தின்னு நெனச்சேன்டி. கதவத் தொற."

"அது போகமாட்டேன்னு சொல்லிடுச்சும்மா. கூட விளையாடின கிர்ரா பயந்து அவ வீட்டுக்கு ஓடிட்டா. மூடி வெச்சிருக்கிறவரைக்கும் வெளிய வராதுன்னுதான் அப்படியே விட்டுட்டு வந்தேன்." குரல் உடைந்தது. "அம்மா, இங்க எம்பின்னாடி யாரோ நிக்கிறாங்க."

லீயன் கதவை உலுக்கினாள். தோளால் இடித்தாள். உள்ளே குழாய் சொட்டும் சத்தம். பிறகு அதுவும் நின்றது. மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். இன்னும் உரக்கக் கத்தினாள்.

"டம்ளரப் பழையபடி கவுத்து வைம்மா." இப்போது குரலில் நடுக்கமே இல்லை. "சீக்கிரம்."

ஓடினாள். கவிழ்த்தாள். இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்தாள்.

உள்ளே மெல்ல ஆவி படிந்தது. மாட்டிக்கொண்டது. நிம்மதியில் அழுதேவிட்டாள்.

குளியலறைக் கதவு திறந்தது. டீகன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், திரை இறக்கிய ஜன்னலைப் பார்த்தபடி. கண்ணில் ஈரமில்லை. லீயன் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

திரும்பவில்லை.

மறுபடி கூப்பிட்டாள்.

டம்ளருக்குள்ளிருந்து சத்தம் வந்தது. நகத்தால் தட்டும் சத்தம். டொக். டொக். டொக்.

தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. அவள் கைகளின்மேல் டீகனின் கை வந்து படிந்து, அழுத்தியது.