பெரட்டுக் கற்கள்

முதலில் கேட்டது காற்றா, ஆள் குரலா என்று பேச்சியம்மாவால் இன்றைக்கும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மூடுபனி இறங்கிய பிற்பகல் என்பது மட்டும் நிச்சயம்.

ஹட்டனுக்கு மேலே, பல்கலைக்கழக விஞ்ஞானக் கட்டடத்தைக் கூட்டிப் பெருக்குவது அவள் வேலை. மகள் ஜெயமலர் அங்கேயே ஆய்வுகூட உதவியாளர். முற்றத்தில் வரிசையாக நட்டிருந்த பாறைகள், அக்கரப்பத்தனைப் பக்கம் மலை சரிந்த தேயிலைத் தோட்டத்திலிருந்து பேராசிரியர் குணரத்தினம் லொறியில் கொண்டுவந்தவை. ஒவ்வொன்றுக்கும் பெயர்ப்பலகை உண்டு.

அந்தத் தோட்டத்தில்தான் பேச்சியம்மா கொழுந்து பறித்தாள். காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் வரிசையில், கங்காணி சோலைமலை பேர் வாசிக்க, குரல் கொடுத்துக்கொண்டு நின்றவர்கள் மேல்தான் மலை இறங்கியது. ஒருவரையும் தோண்டி எடுக்க முடியவில்லை. அவள் மட்டும் அன்று மகளை உயர்தரம் படிக்கச் சேர்க்க ஹட்டனுக்குப் போயிருந்தாள். மகள் பேரைத் தோட்டத்தில் பதியவிடவே கூடாது என்பது அவளுடைய ஒரே பிடிவாதம்.

அந்தப் பனிப் பிற்பகலில் பாறையைத் துடைத்தபோது உச்சியில் குறுக்கே ஒரு பள்ளம் விரலில் தட்டுப்பட்டது. கூடைக் கயிறு அழுத்தி அழுத்தித் தன் உச்சந்தலையில் விழுந்த அதே பள்ளம். அடுத்த பாறையிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும்.

ஈரமண்ணும் பச்சைக் கொழுந்தும் கலந்த வாசனை எழ, பனி படிகளையும் எதிரே நின்ற மகளின் இடுப்பு வரையும் மெல்ல விழுங்க, அதற்குள்ளிருந்து ஒரு குரல் நிதானமாகப் பேர் வாசிக்கத் தொடங்கியது.

“காளியாயி.”

“இருக்கேங்க.” பாறைப் பக்கமிருந்து.

“வீரம்மா.”

“இருக்கேங்க.”

அடுத்தது தன் பேர். நாக்கு தானாக எழுந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

“பேச்சியம்மா.”



“பேச்சியம்மா!”

ஜெயமலர் சிரித்தாள். “கெம்பஸ் பசங்க எவனோ நக்கல் பண்றான்ம்மா. இரு.” சின்ன வயதில், அம்மாவுக்குக் காய்ச்சலென்றால் பெரட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்வது போலவே கத்தினாள். “அம்மா இன்னைக்கு வரலீங்க!”

“பதிலுக்கு யாரு?”

“நான்தாங்க, ஜெயமலரு!”

பேச்சியம்மா வாயிலிருந்து முந்தானையைப் பிடுங்கினாள். “அடியே, பேரக் குடுக்காத...”

“சரி. பதிஞ்சாச்சு.”

பனி மூடியது.

குணரத்தினம் மாற்றலாகி யாழ்ப்பாணம் போய்விட்டார். ஜெயமலரைத் தேடுவதைப் பொலிஸ் நிறுத்திவிட்டது. பேச்சியம்மா இன்னும் அங்கேதான் பெருக்குகிறாள். வரிசையின் கடைசியில், அன்றுமுதல், பெயர்ப்பலகை இல்லாத பாறை ஒன்று நிற்கிறது. தினமும் அதன் உச்சியைத் தடவிப் பார்ப்பாள், வழவழவென்றுதான் இருந்தது.

இந்த வாரம், குறுக்கே, மெல்லியதாக ஒரு தடம் விழத் தொடங்கியிருக்கிறது.