அவளுக்கே உள்ள பெயர்

பகல் பதினொரு மணிக்கு கே.ஜி.கண்டிகையில் பஸ்ஸை விட்டு இறங்கி, நர்ஸ் பையோடு அடுத்த ஊருக்கு நடந்தேன். அங்கே கஜபதியின் நான்காவது பெண் குழந்தைக்கு அன்று பெயர் வைக்கிறார்கள். பதிவுக்கு அந்தப் பெயரை எழுதி வருவது என் வேலை.

வீட்டுக்குள் சாம்பிராணிப் புகை. அதற்கு அடியில் வேறொரு வாடை இருந்தது. ஈரத்துணியும் காய்ச்சல் வியர்வையும் கலந்த வாடை. போன ஐப்பசியில் இதே அறையில் அதை முகர்ந்திருக்கிறேன்.

"இன்னா பேருங்க வெக்கிறீங்க?"

"வேண்டா," என்றார் கஜபதி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது செத்துப்போன அவருடைய மூன்றாவது மகளின் பெயர். பெண் போதும், அடுத்தது ஆணாகட்டும் என்று சாமிக்குச் சொல்வதற்காக வைக்கிற பெயர். என் பதிவேட்டில் மட்டும் பதினோரு வேண்டாக்கள் இருக்கிறார்கள். வள்ளியைத் தேடிப் போய்க் கைப்பிடித்த சாமி தணிகை மலைமேல் இருக்கிறார். கீழே இந்த அக்கிரமம்.

செத்துப்போன அந்தப் பிள்ளைக்கு அப்போது ஆறு வயது. காய்ச்சல் ஏறியபோது, அரக்கோணம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "நாளைக்குப் பாக்கலாம்" என்றார். "நைனா, நைனா" என்று அவள் அப்பனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவர் வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். மறுநாள் அவள் இல்லை.

"அவ பேரை ஏங்க இதுக்கு வெக்கிறீங்க?"

"அவ பூட்டா, பேரு பலிக்கல. மறுபடி வெச்சாதான் பையன் பொறப்பான். எழுதிக்கமா."

தாய் சுலோச்சனா சுவரோரம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். கஜபதி தொட்டிலில் குனிந்தார். குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்வது வழக்கம்.

"வேண்டா."

சாம்பிராணிப் புகை அப்படியே நின்றது.

"வேண்டா."

தொட்டில் கயிறு கிறீச்சிட்டது. யாரும் ஆட்டவில்லை.

"வேண்டா."

"ஆங், நைனா. வந்துகினே இருக்கேன்."

ஆறு வயதுக் குரல். கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது.

போய்ப் பார்த்தேன். அங்கே வெறும் சுவர்.

சுலோச்சனா பாய்ந்து குழந்தையை வாரியெடுத்தாள். "அந்தப் பேரு என் பொண்ணோடது. அவளுக்கே இருக்கட்டும். இதுக்குத் தேவயானினு எழுதுங்க, நர்ஸம்மா." அவள் குரல் நடுங்கவில்லை.  நானும் அழுத்தி எழுதினேன். கஜபதியின் வெளுத்த முகத்தைப் பார்த்தபோது பயத்தைவிடச் சந்தோஷமே அதிகமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

அடுத்த மாதம் தடுப்பூசி போடப் போனேன். தேவயானி கொழுகொழுவென்று இருந்தாள். கஜபதி பாதியாக இளைத்திருந்தார். வீட்டில் அவர் வாயே திறப்பதில்லையாம். வெயிலில் வந்த எனக்குத் தண்ணீர் தரச் சொல்ல, மறதியில் உள்ளே பார்த்துக் கூப்பிட்டுவிட்டார்.

"சுலோச்சனா..."

"ஆங், நைனா."

அவருடைய சட்டையின் நுனி, யாரோ சின்னக் கையால் பிடித்திருப்பதைப்போல, கீழே இழுபட்டு நின்றது.