கிளிஞ்சல் திட்டில் காணாமற்போன முட்டைகள்

வெள்ளிக்கிழமை மாலை பிருந்தன் பஸ் ஓட்டிவிட்டு வீடு வந்து சீருடையைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் ஒரு பெண்ணும் ஒரு நாயும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பெண் வைஷாலி, கோயம்புத்தூர்க்காரி, மனுகாவில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். நாயின் பெயர் முனி. நாய் நிம்மதியாகத்தான் இருந்தது. அழுதிருந்தவள் வைஷாலி.

பிருந்தனின் மனைவி கம்சாயினிக்கு நகர மையத்தில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை. கருகிய காரையும் சரிந்த கூரையையும் பார்த்து, நடந்தது என்ன என்று கண்டுசொல்வதுதான் தொழில். அதை அறிந்த பிளாக்ஹவுஸ் பே தமிழர்கள் தொலைந்த தாலிக்கொடிக்கும் அவளிடமே வருவார்கள். யாராவது அப்படி வந்துவிட்டால் பிருந்தனுக்குக் களைப்பெல்லாம் பறந்துவிடும்.

கம்சாயினி முதலில் தேநீர் கொடுத்தாள், நாய்க்குத் தண்ணீர் வைத்தாள். பிறகுதான் கேட்டாள்.

விஷயம் இதுதான். துறைமுகக் கரையோரம் ஒரு கிளிஞ்சல் திட்டு. அங்கே இந்த வசந்தத்தில் மூன்று ஜோடி டாட்டரெல் பறவைகள் முட்டையிட்டிருந்தன. நம்மூர் உப்புக்கொத்திக்கு உறவான அரிய பறவை. உலகில் வேறு எந்த நாட்டிலும் இல்லாத இனம். இரண்டு கூடுகளிலிருந்த முட்டைகள் அடுத்தடுத்து மாயமாகிவிட்டன. கூடுகளைச் சுற்றிக் கட்டியிருந்த காவல் கயிற்றுக்கு அருகே முனியின் காலடிகள் கிடந்தன. அது முன்பும் ஒருமுறை கயிற்றைத் தாண்டி ஓடிய நாய். இன்னொரு புகார் வந்தால் பிடித்துக்கொண்டு போய்விடுவோம் என்று நகரசபை அதிகாரி சொல்லிவிட்டார்.

"அவங்க அப்பா தவறினதுக்கு அப்புறம் என் பொண்ணு ஸ்ருதி இந்த நாய்கிட்டதான் வாய் திறந்து பேசுறா. இவனும் போயிட்டா நான் அவளுக்கு என்னங்க சொல்றது?" என்றாள் வைஷாலி.

முட்டைகள் காணாமற்போனது என்றைக்கு என்று மட்டும் கம்சாயினி கேட்டாள். இரண்டு தடவையும் சனிக்கிழமை மத்தியானம் என்றாள் வைஷாலி. நாயை அவள் தினமும் அந்தப் பாதையில்தான் கூட்டிப்போகிறாள்.

"தினமும் போற நாய்க்குச் சனிக்கிழமை மட்டும் ஏன் பசிக்குது?" என்றாள் கம்சாயினி, தனக்குத்தானே சொல்வதுபோல.

வைஷாலி போனதும் பிருந்தன் தன் ஊகத்தை எடுத்துவிட்டான். அரிய முட்டைகளைத் திருடிச் சேர்க்கும் பணக்கார வெள்ளைக்காரன் எவனோ ஒருவன், வாரவிடுமுறையில் வருகிறவன்.

"உங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு வெள்ளைக்காரன் வேணும், என்னப்பா. போய்க் குளியுங்கோ."

மறுநாள் சனிக்கிழமை, உச்சிவேளைக்குச் சற்று முன்பு திட்டுக்குப் போனார்கள். வைஷாலியும் வந்திருந்தாள், முனி அவளுடைய காருக்குள் இருந்தது. ஒளிரும் மஞ்சள் மேலங்கி அணிந்த ஒருவர் அவர்களை எதிர்கொண்டார். அவர்தான் நவரத்தினம், கூடுகளைக் காக்கும் தொண்டர், புகார் கொடுத்தவர். பிருந்தனுக்கு அவரைக் கோயிலில் பார்த்த பழக்கம் உண்டு. குளிரிலும் மழையிலும் நின்று, தன் கையாலேயே முளையடித்துக் கயிறு கட்டிய மனிதர். வைஷாலியைப் பார்த்து அவர் முகம் கடுக்கவில்லை, வாடியது.

"தங்கச்சி, எனக்கு உங்களோடை ஒரு கோபமும் இல்லை. வாயில்லாச் சீவனுக்காகக் கதைக்க ஒருத்தர் வேணுமெல்லோ."

மூன்றாவது கூட்டைக் கயிற்றுக்கு வெளியே இருந்து காட்டினார். கூடு என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. மணலில் ஒரு சிறு குழி, மணலின் நிறத்திலேயே மூன்று முட்டைகள். சற்று நெருங்கியதும் செம்பழுப்பு மார்புள்ள தாய்ப்பறவை எழுந்து, ஒரு சிறகு முறிந்ததுபோல் இழுத்து இழுத்து நொண்டிக்கொண்டு அவர்களை விட்டு விலகி ஓடியது. என்னைப் பிடி, என் முட்டையை விட்டுவிடு என்று எதிரியைத் தன் பக்கம் இழுக்கும் வித்தை அது. உள்ளங்கையில் அடங்கும் உயிருக்கு எத்தனை துணிவு. அந்தத் தாய்மையைப் படைத்தவனை நினைத்து, பிருந்தன் தன்னையறியாமல் கை கூப்பினான்.

வெறுமையான இரண்டு குழிகளையும் கம்சாயினி குனிந்து பார்த்தாள். இரண்டும் வட்டம் கலையாமல் இருந்தன; ஓட்டுத் துண்டு ஒன்றுகூட இல்லை. திரும்பி வந்து, கொண்டுவந்த வடையை நவரத்தினத்திடம் நீட்டினாள். இப்போது வேண்டாம், கொஞ்ச நேரம் செல்லட்டும் என்றார் அவர். பிறகு ஒரு முளையை எடுக்கத் தன் காரின் பின்கதவைத் திறந்தார்.

வாகனத் தரிப்பிடத்துக் கூரை விளிம்பில் கரிய முதுகுள்ள பெரிய கடற்காகங்கள் வரிசையாக நின்றிருந்தன. கார்க் கதவு திறந்ததும் எல்லாம் ஒன்றாய்க் கழுத்தை நீட்டின.

"என்ரை பஸ்ஸுக்கு நிக்கிற ஆக்கள் மாதிரியே நிக்குதுகள்" என்றான் பிருந்தன்.

கம்சாயினி அவனைப் பார்த்த பார்வையில், தான் ஏதோ பெரிதாகச் சொல்லிவிட்டோம் என்று மட்டும் அவனுக்குப் புரிந்தது. அவள் பக்கத்திலிருந்த தட்டைக் கல்லின் வெடிப்பை விரலால் தடவினாள். நுனியில் கறுப்பாக நாலைந்து மணிகள் ஒட்டிவந்தன. எல்லோரையும் அந்தக் கல்லருகே கூப்பிட்டாள்.

"நாய் மூக்கை நுழைச்சிருந்தா குழி கலைஞ்சிருக்கும். கலையேல்லை. மேலையிருந்து வந்து அலுங்காமல் தூக்கினதுதான் களவெடுத்தது" என்று கூரையைக் காட்டினாள். "கடல்பறவை ஏன் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிக்குது? இந்த நேரத்திலை இஞ்சை சாப்பாடு வருமெண்டு அதுகளுக்குத் தெரியும். நேரத்துக்கு வந்து காத்திருக்கிறதுகள். பசி பொறுக்காததுகள் திட்டிலை தேடப் போகுதுகள்."

சாப்பாடு யார் போடுவார்கள் என்று வைஷாலி கேட்டாள். கம்சாயினி விரலில் இருந்த எள்ளைக் காட்டினாள். பிறகு மிக மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணை, இது புரட்டாதிச் சனி. காகத்துக்கு வைக்காமல் நீங்கள் வாயிலை ஒண்டும் போடமாட்டியள். காகம் இல்லாத நாட்டிலை விரதக்காரர் என்ன செய்யிறது?"

நவரத்தினம் காரிலிருந்து வாழையிலையில் கட்டிய எள்ளுச்சாதத்தை எடுத்துவந்து கல்லில் வைக்கப்போய், வைக்காமல் நின்றார்.

"இதுகள் குஞ்சு பொரிக்க வேணுமெண்டுதான், தங்கச்சி, இந்த விரதத்தை நேர்ந்தனான்" என்றார். "நானே அதுகளைக் கொண்டுபோய்க் குடுத்திட்டன்."

குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டால் மகிழ்ச்சியாக இருக்கும் என்றுதான் பிருந்தன் அதுவரை நினைத்திருந்தான். கூரையில் பறவைகள் இறக்கையை அசைத்தன. அந்த இலையைப் பிரித்தால் மூன்றாவது கூடும் போய்விடும். பிரிக்காவிட்டால் அந்த மனிதரின் விரதம் முடியாது.

பேசியது வைஷாலிதான். "அண்ணா, எங்க ஊர்ல சனிக்கிழமை நாய்க்குச் சோறு வைப்பாங்க. பைரவருக்கு வைக்கிற மாதிரின்னு."

"வைரவர்" என்று முணுமுணுத்தார் நவரத்தினம். "ஓம், வைரவற்றை வாகனம்." சிறிது தயங்கினார். "நான் வைச்சா அது தின்னுமோ?"

வைஷாலி முனியை வாருடன் இறக்கிக் கூட்டிவந்தாள். அவர் காருக்கு மறைவாகக் குந்தி இலையைப் பிரித்தார். ஒரு கவளம் உருட்டி, கண்ணை மூடி ஏதோ வேண்டிக்கொண்டு, உள்ளங்கையில் வைத்து நீட்டினார். தன்மேல் புகார் கொடுத்தவர் இவர்தான் என்பதெல்லாம் முனிக்குத் தெரியாது. வாலை ஆட்டிக்கொண்டு சாப்பிட்டது. மீதியையும் சாப்பிட்டது. காத்திருந்து சலித்த கடற்காகங்கள் ஒவ்வொன்றாக எழுந்து கடலுக்குப் போயின. திட்டில் தாய்ப்பறவை ஓடிவந்து முட்டைகளின்மேல் அமர்ந்தது.

நவரத்தினத்தின் இரு கைகளிலும் சோறு. தன் சட்டைப்பையைக் கண்ணால் காட்டி, போனை எடுத்து அந்த அதிகாரிக்கு அடித்துத் தரும்படி வைஷாலியிடம் கேட்டார். அவள் அதை அவருடைய காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நாயின் மீது தவறு இல்லை என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். அப்படியானால் முட்டைகளை எடுத்தது எது, அதை அங்கே வரவழைத்தது யார் என்று மறுமுனை கேட்டிருக்க வேண்டும். அவர் முனியின் தலைமேல் புறங்கையை வைத்துக்கொண்டு, தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லத் தொடங்கினார்.