வேனுக்குள் ஒரு வாசனை

டோரதிக்கு அன்று மத்தியானத்திலிருந்து கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. வீட்டுக்கும் வேனுக்குமாக அவள் நடந்த நடையை நேராக நடந்திருந்தால் வேளாங்கண்ணிக்குக் கால்வாசி தூரம் போயிருப்பாள்.

சாயங்காலம் வேளாங்கண்ணிப் பாதயாத்திரை புறப்படுகிறது. திருவொற்றியூரில் அவர்கள் தெருவிலிருந்து வருஷா வருஷம் காவி உடுத்திக்கொண்டு ஒரு கூட்டமே நடக்கும். கூடவே ஒரு வேன் போகும். நடப்பவர்களுக்கு அதுதான் சமையலறை, கால் வீங்கியவர்களுக்கு அதுதான் படுக்கையறை.

வேன் டோரதியின் அப்பா நெல்சனுடையது. ஒரு காலத்தில் பள்ளிக்கூட வேனாக ஓடிக் களைத்த வண்டி. சீட்டுகளைப் பிடுங்கிவிட்டு, பின்பக்கம் கேஸ் அடுப்பும் பக்கவாட்டில் பலகைப் படுக்கைகளும் வைத்திருந்தார்.

சின்னப் பிள்ளைகள் அவ்வளவு தூரம் நடக்கக் கூடாது. போவதென்றால் வேனில்தான் போக வேண்டும். டோரதி இரண்டு வருஷமாகக் கெஞ்சியதில் இந்த வருஷம்தான் அப்பாவின் மனம் இறங்கியது. அடுப்புக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பலகை அடித்து, "இது உனுக்கு" என்றார். தரைக்குப் பூப்போட்ட புது விரிப்பும் ஒட்டினார். பலகை இடித்ததால் சமையல் மாஸ்டர் பிரகாஷ் கேஸ் சிலிண்டரைப் படுக்க வைத்து அடியில் தள்ளிவிட்டார்.

டோரதி தன் பலகையில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாள். ஒருமுறை இறங்கும்போது தலையிலிருந்த கிளிப் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் மூக்கைச் சுளித்தாள். அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி ஒரு வாசனை! நிமிர்ந்தால் வாசனை குறைந்தது. குனிந்தால் மறுபடியும் வந்தது.

"மாஸ்டர், இன்னா நாத்தம் இது?"

பிரகாஷ் வெளியே வெங்காய மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்தார். "நம்ம ஊர்ல நாத்தம் புதுசா கண்ணு? ஃபேக்டரி வாசனை அது. எனுக்கெல்லாம் அது இல்லாங்காட்டி தூக்கமே வராது."

அப்பாவிடம் போனாள். அவர் வண்டியின் கூரையில் பாய்களைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"நைனா, வேனுக்குள்ள ஒரு மாதிரி வாசனை வர்து."

"ஃபேக்டரிதாம்மா. நீ போய் முகம் கழுவிகினு ரெடியா இரு. வெளக்கு வந்துகினு கீது."

விளக்கு என்றால் சாதாரண விளக்கு இல்லை. கோயிலில் ஏற்றிக் கொண்டுவருவார்கள். வேளாங்கண்ணி போய்ச் சேரும்வரை அது அணையக் கூடாது. வேனுக்குள் மாதா சுரூபத்துக்கு முன்னால் வைத்ததும்தான் பயணம் ஆரம்பிக்கும்.

டோரதி வாசற்படியில் போய் உட்கார்ந்தாள். உட்கார முடியவில்லை, எழுந்தாள். ஃபேக்டரி வாசனைதான் என்று பெரியவர்கள் இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். அப்புறம் என்ன? ஆனால் மனசு கேட்கவில்லை.

தலைமுடி பறந்து வந்து அவள் முகத்தில் விழுந்தது. ஒதுக்கிவிட்டாள். மறுபடியும் விழுந்தது. கடல்காற்று! கருவாடு காயும் வாசனையோடு கிழக்கேயிருந்து ஜோராக அடித்துக்கொண்டிருந்தது.

டோரதி அப்படியே நின்றுவிட்டாள். ஃபேக்டரிகள் இருப்பது மேற்கே. காலையில் அந்தப் பக்கத்துக் காற்று அடித்தால் தெருவே மூக்கைப் பொத்திக்கொள்ளும். கடல்காற்று வந்துவிட்டால் ஃபேக்டரி வாசனை இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. அப்படியானால் வேனுக்குள் வந்தது எங்கிருந்து?

போன மாதம் பள்ளியில் தீயணைப்புக்காரர்கள் ஒத்திகை நடத்தினார்கள். டோரதிக்கு அதில் மயங்கி விழும் வேடம். மற்ற பிள்ளைகள் ஓடிப் போய்விட, இவள் மட்டும் மைதானத்தில் மல்லாந்து கிடந்தாள். வேறு வேலை இல்லாததால் அதிகாரி மைக்கில் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். 'காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று முதலில் பாருங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையில்தான் தங்கும். நெருப்பு வேண்டாம். சுவிட்சைத் தொட வேண்டாம்.'

குனிந்தால் வந்த வாசனை, நிமிர்ந்தால் குறைந்த வாசனை. அது கேஸ்தான்! பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் வேறொரு கவலை. சத்தம் போட்டுச் சொன்னால் வேனை நிறுத்திவிடுவார்கள். பெரியவர்கள் கடையில் சாப்பிட்டுக்கொண்டு நடந்து போவார்கள். பிள்ளைகள் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான். இரண்டு வருஷக் கெஞ்சலும் வீண்.

தெருமுனையில் பாட்டுச் சத்தம் கேட்டது. விளக்கு வந்துவிட்டது.

வேனுக்குள்ளிருந்து தம்பி ஜெரியின் குரல் வந்தது. "அக்கா, உன் பெட்ல நான் படுத்துகினேன்!"

அதற்குமேல் டோரதி யோசிக்கவில்லை. ஒரே ஓட்டமாக ஓடி, ஜெரியைக் கையைப் பிடித்து இழுத்து வெளியே போட்டாள்.

"நைனா! கேஸ் லீக் ஆவுது! அது ஃபேக்டரி வாசனை இல்ல. கடல்காத்து அடிக்கிது பாரு, ஃபேக்டரி வாசனை எப்டி வரும்?"

நெல்சன் கூரையிலிருந்து காற்றைப் பார்த்தார். கட்டாமல் விட்ட பாயின் முனை மேற்கே பார்த்துப் படபடத்தது. அவர் முகம் மாறியது.

"இன்னா பேஜாரு இது! லீக் ஆவுதா இல்லியான்னு இப்பவே பாத்துர்லாம்" என்று பிரகாஷ் எழுந்தார். அவர் கையில் தீப்பெட்டி.

"மாஸ்டர்!" டோரதி பாய்ந்து தீப்பெட்டியைப் பிடுங்கினாள். பிடுங்கியதைத் தூக்கி எதிர்வீட்டு மாடிக்கே எறிந்துவிட்டாள். "யாரும் லைட் சுவிட்சைக்கூடத் தொடாதீங்க!"

பிறகு தெருவில் ஓடினாள். ஊர்வலம் பாதித் தெரு வந்திருந்தது. முன்னால் மளிகைக்கடை ஞானசெல்வி அத்தை. யாத்திரைக்குத் தலைவி அவர்தான். கண்ணாடிக் கூண்டுக்குள் விளக்கு அவர் கையில் எரிந்துகொண்டிருந்தது. டோரதி இரண்டு கைகளையும் விரித்து நடுத்தெருவில் நின்றாள்.

"அத்தை, நில்லுங்க! வெளக்க எட்துகினு இதுக்கு மேல வராதீங்க!"

பாட்டு நின்றது. "இது என்ன அபசகுனமாட்டம்?" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"வேன்ல கேஸ் லீக் ஆவுது, அத்தை. வெளக்கு உள்ள வந்தா..." டோரதிக்கு அழுகைதான் வந்தது.

ஞானசெல்வி அத்தை அவள் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். "எல்லாரும் பின்னாடி போங்க. கோயில் வாசலுக்கே போயிருவோம்" என்றார். மறு பேச்சில்லாமல் கூட்டம் திரும்பியது.

அதற்குள் நெல்சன் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து, சிலிண்டரின் வால்வை மூடியிருந்தார். நல்ல வேளை, கடல்காற்று இந்தக் கதவில் நுழைந்து அந்தக் கதவில் வெளியேறியது. வாசனை முழுக்கப் போகும்வரை யாரும் கிட்டே போகவில்லை. பிறகு அவரும் பிரகாஷும் சிலிண்டரை ஆளில்லாத மணல் பக்கம் தூக்கிப் போய் நிமிர்த்தி வைத்தார்கள்.

பிரகாஷ் ஒரு கிண்ணத்தில் சோப்பு நுரை அடித்து ட்யூப் முழுவதும் தடவினார். வால்வைக் கொஞ்சம் திறந்ததும் ட்யூபின் நடுவில் முட்டை முட்டையாகக் குமிழி கிளம்பியது. ஜெரி கை தட்டினான். வேறு யாரும் தட்டவில்லை.

"மத்தியானம் டீ போட்டேன். அடுப்ப மட்டும் அணைச்சேன், சிலிண்டர மூடல" என்றார் பிரகாஷ். குரல் இறங்கியிருந்தது. "ட்யூபும் எந்தக் காலத்துதோ. வெடிச்சுப் போயி கீது."

நெல்சன் வேனுக்குள் ஏறி, பூப்போட்ட விரிப்பைக் கிழித்தார். அடியில் வரிசையாகத் துளைகள். கேஸ் கசிந்தால் கீழே இறங்கிப் போவதற்காக வைத்த துளைகள் அவை. தூசி வருகிறது என்று அவரே மூடியிருந்தார். டோரதியைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"சிலிண்டர நிக்க வெச்சு சங்கிலி போட்டுக் கட்டணும்மா. அதுக்கு எடம் வேணும்" என்றார். "உன் பலகைய எடுத்தாத்தான் முடியும்."

டோரதி பலகையைப் பார்த்தாள். அதை ஒருமுறை தடவினாள். "எட்து உட்ரு, நைனா" என்றாள்.

அன்று யாத்திரை புறப்படவில்லை. கடைக்குப் போய் தர முத்திரை பார்த்து, தேதி பார்த்து, புது ட்யூபும் ரெகுலேட்டரும் வாங்கிப் பொருத்தினார்கள். விடியற்காலையில் கிளம்பினார்கள். இனிமேல் விளக்கு வேனுக்குள் ஏறாது, ஆள் மாற்றி ஆள் கையிலேயே கொண்டுபோவது என்று ஞானசெல்வி அத்தை முடிவு சொன்னார்.

பலகை போய்விட்டதால் டோரதி வழியனுப்புகிறவர்களோடு ஓரமாக நின்றாள். வேன் அவள் பக்கத்தில் வந்து நின்றது. முன்சீட்டில் உட்கார்ந்திருந்த பிரகாஷ் மாஸ்டர் தன் பெரிய தொப்பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

"ஏறு கண்ணு. இது உன் சீட்டு."

"அப்ப நீங்க?"

"எனுக்கு டாக்டர் நடக்கச் சொல்லி மூணு வருஷம் ஆவுது. இன்னிக்குத்தான் நேரம் கெடச்சிது."

மத்தியானம் திருவான்மியூர் தாண்டி ஒரு மரத்தடியில் வேன் நின்றது. அரிசி களைந்தாயிற்று. காய் நறுக்கியாயிற்று. நடந்து வந்தவர்கள் பசியோடு தட்டை ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் பிரகாஷ் மாஸ்டர் லைட்டரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்.

"இன்னா மாஸ்டர், அடுப்பு பத்த வெக்கலியா?" என்று யாரோ கேட்டார்கள்.

"இரு மாமு. மேலிடத்து உத்தரவு வரட்டும்."

டோரதி வேனுக்குள் மண்டியிட்டு, தரையோடு மூக்கை வைத்து மோந்து பார்த்தாள். ட்யூபில் நுரை தடவி, உற்றுப் பார்த்தாள். ஒரு குமிழிகூட வரவில்லை. நுரையைத் துடைத்துவிட்டு எழுந்து, பாவாடையை உதறினாள்.

"இப்ப பத்த வை, மாஸ்டர்!"