பதினெட்டு சதவீதம்

“இது யார் போனுங்க?”

மூன்று தடவை கேட்டாள். பஸ் நிலையத்துக் காத்திருப்புக் கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சார்ஜ் பலகையில் ஆறு துளை, வேலை செய்தது ஒன்றே ஒன்று. அதில் யாரோ ஒரு மகராசன் போனைச் செருகிவிட்டு ஊர் சுற்றப் போயிருந்தான். திரையில் பதினெட்டு சதவீதம். அவளுடையதில் இரண்டு. பதினெட்டு போதாதா... இத்தனை பேர் காத்திருக்கும் இடத்தில் அப்படி என்ன பேராசை? பிடுங்கினாள். அந்த போனை ஜன்னல் விளிம்பில் பத்திரமாக வைத்துவிட்டுத் தன்னுடையதைச் செருகினாள்.

வந்தான், கையில் டீயோடு. மழையில் நனைந்த தலை, மூக்கு நுனியில் ஒரு கோபம்...

அடுத்தவர் பொருளைத் தொடுவது நாகரிகமா என்று கேட்டான். பொதுப் பலகைக்குப் பட்டா போடுவதுதான் நாகரிகமோ என்று அவள் கேட்டாள். முதலில் வந்தவனுக்குத்தான் உரிமை என்றான். பக்கத்தில் நிற்கிறவனுக்குத்தான் உரிமை, டீ குடிக்கப் போனவனுக்கு ஏது என்றாள். கால் மணி நேரம் விடாமல் மல்லுக்கு நின்றார்கள். கூடத்தில் இருந்தவர்களுக்கு நன்றாகப் பொழுது போனது.

அவள் கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிக்கிறவள். ஒரு நாளைக்கு முப்பது ஜோடிக் கண்ணைக் கிட்டத்தில் பார்த்துச் சலித்தவள். இருந்தும் இந்தக் கண்ணில்... கோபத்துக்கு நடுவே ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டு ஓடியதே, அது எந்த நம்பரிலும் அடங்கவில்லை.

கடைசியில் வீம்புக்கு, எனக்குச் சார்ஜே வேண்டாம் என்றுவிட்டான். வெளியே சாலையில் வெள்ளம். பஸ் மூன்று மணி நேரம் தாமதம். வேறு இடமில்லாமல் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவன் லிஃப்ட் மெக்கானிக்காம். பொத்தானைப் பத்துத் தடவை அமுக்குகிற ஜனங்களைப் பற்றி அவன் சொல்லச் சொல்ல, அவளுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அவளுக்குப் ‘பிளக்கு’ என்று பேர் வைத்தான். பஸ் வந்தபோது, இன்னும் கொஞ்சம் தாமதமாக வந்திருக்கக் கூடாதா என்று இருந்தது அவளுக்கு. நம்பர் வாங்கிக்கொண்டுதான் போனான்.

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டான். பஸ் நிலையத்தில் இவர்கள் சண்டை போட்ட அன்று மத்தியானம், அவன் அப்பா வீட்டில் தனியாக இருந்திருக்கிறார். நெஞ்சுவலி. மகனுக்குப் போன் போட்டிருக்கிறார். கடைக்குப் போயிருந்த அம்மா திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மகன் போனை எடுத்திருந்தால் பக்கத்து வீட்டுக்காரரையாவது அனுப்பியிருப்பான், பிழைத்திருப்பார் என்று அம்மா ஓயாமல் அழுகிறாள் என்றான்.

ஏன் எடுக்கவில்லை என்று அவளுக்குக் கேட்கவே வாய் வரவில்லை. அவனே சொன்னான். பழைய பேட்டரி... சார்ஜ் இல்லாமல் அணைந்துவிட்டதாம்.

பதினெட்டு சதவீதம் போதும் என்று தீர்ப்புச் சொன்னவள் அவள்தானே? அதற்குப் பிறகு அவளுக்குத் தூக்கம் ஏது... அவளைத் தேற்றத்தான் அவன் வர ஆரம்பித்தான். வந்து வந்து, அது பழக்கமாகி, பிறகு வராத நாள் நாளாகவே இல்லாமல் போனது. அவள் அழும்போதெல்லாம், உன் மேல் தப்பே இல்லை என்று கண்ணைத் துடைத்துவிடுவான். இப்படி ஒருவன் கிடைக்கத் தனக்கு என்ன தகுதி என்று இன்னும் கொஞ்சம் அழுவாள்.

ஒரு வருஷம் கழித்து, கல்யாணப் பேச்சுக்காக அம்மாவிடம் அழைத்துப் போனான். அந்த விஷயத்தை மட்டும் எடுக்காதே என்று படியேறும்போதே கெஞ்சினான். மறைத்துவிட்டு இந்த வீட்டில் எப்படி வாழ்வது என்று அவளுக்கு வீம்பு. அத்தை என்று கூப்பிடுவதா, அம்மா என்று கூப்பிடுவதா என்று ஒரு வாரமாகப் பழகிப் பார்த்தவள். அவன் அம்மா அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டதும், அவளால் அடக்க முடியவில்லை.

“அத்தை... அன்னைக்கு சார்ஜ்ல இருந்த அந்த போனைப் பிடுங்கினது நான்தான்.”

பிடித்திருந்த கை மெதுவாக விலகியது. அந்த அம்மா கத்தவில்லை.

“யாராவது வருவாங்கன்னு கதவைத் திறந்து வச்சிட்டு உக்காந்திருந்தாரும்மா எங்க வீட்டுக்காரர். நீ போயிடு.”

இறங்கி வந்தாள். மழை. பஸ் நிறுத்தத்தில் அவன் ஓடி வந்து பக்கத்தில் நின்றான். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

“அப்பா கூப்பிட்டப்போ போன் அணையல. நாம சண்டை போட்டுக்கிட்டு இருந்தோம். நீ உன் போனைப் பாக்கத் திரும்பின நேரம்... நான்தான் கட் பண்ணிட்டேன்.”

“ஏன்?”

“உன்னை ஜெயிக்கணும்னு இருந்துச்சு. அப்புறம் ஜெயிக்கவே வேணாம், நீ பேசிக்கிட்டே இருந்தாப் போதும்னு ஆயிடுச்சு. திருப்பிக் கூப்பிடணும்னு நினைப்பே வரல.”

கண்டதும் காதல்... இப்படி ஒரு வார்த்தைக்கு எத்தனை பெண்கள் ஏங்கிக் கிடக்கிறார்கள். அவள் தலையெழுத்து, அது இந்த லட்சணத்தில் வந்து சேர்ந்தது.

“ஒரு வருஷம்டா. என் கண்ணைத் துடைச்சியே... அந்தக் கையாலதானே கட் பண்ணின?”

அவன் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

“மேல போ. இப்ப என்கிட்ட சொன்னதை உங்கம்மாகிட்ட சொல்லு.”

அவன் வீட்டு ஜன்னலை நிமிர்ந்து பார்த்தான். கால் நகரவில்லை. அம்மாவுக்கு இருக்கிறது அவன் ஒருவன்தான், அம்மாவும் வெறுத்துவிட்டால் எங்கே போவது என்று முனகினான். அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த வீட்டில் குற்றவாளியாக யாராவது ஒருத்தர் இருந்தாக வேண்டும். அது அவளாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்கிறான்.

பஸ் வந்தது. இனிமேல் என்னைப் பிடிக்காதா என்று அவன் கேட்டான்.

“பிடிக்குது. இவ்வளவு கேட்ட பிறகும் பிடிக்குது... அதைத்தான் என்னால தாங்க முடியல.”

ஏறினாள். அவன் நிற்கிற பக்கத்து ஜன்னல் ஓரங்கள் காலியாகத்தான் இருந்தன. அவள் மறுபக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.