பஞ்சர் கடையில் ஒரு சாட்சி

"பஞ்சர் ஒட்டத் தெரியுமா, இல்ல மொறைக்க மட்டுந்தான் தெரியுமா?"

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மழையில் நனைந்தபடி நின்றாள் மலர்கொடி. பெரம்பலூர் குழந்தைகள் இல்லத்துக்கு எதிரே இருந்த அந்தக் கடைக்காரன், அறிவரசன், இடத்தை விட்டு அசையவில்லை.

"ரெண்டும் தெரியும். ஆனா, தாய்கிட்டேருந்து புள்ளைய புடுங்குற ஆபீஸ்காரங்களுக்கு ஒட்ட மாட்டேன்."

"நான் ஆபீஸ் இல்லைங்க, தொண்டு சங்கத்து ஆளு! உள்ள இருக்குற ஒரு புள்ளைய தாய்கிட்ட சேக்கத்தான் அலையுறேன்."

அவன் சட்டென்று எழுந்து துண்டை நீட்டினான். கூடவே ஒரு பார்வை... மழையில் கழுவிய இலைபோலப் பளிச்சென்று. அய்யோ, டயரைப் பார்க்கச் சொன்னால் முகத்தைப் பார்க்கிறானே... துண்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

அவன் டயரைக் கழற்றக் கழற்ற, அவள் வந்த காரியத்தைச் சொன்னாள். ஆலத்தியூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்ப்பவள் பச்சையம்மாள். கணவன் விட்டுப் போய்விட்டான். கொட்டகையில் தனியாக விட்டிருந்த சின்னஞ்சிறு மகள் சுமதி லாரிப் பாதைக்கு நடந்து போக, யாரோ தூக்கிக்கொண்டு வந்து இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள். பெற்றவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று இப்போது பேச்சு. செவ்வாய்க்கிழமை குழந்தைகள் நலக் குழு கூடுகிறது.

"பச்சையம்மா வாராவாரம் வந்துட்டுத்தான் இருக்குங்க. ஆனா உள்ள போறதில்ல. பாத்துட்டுப் போனா புள்ளைக்கு ஏக்கம் புடிச்சு காய்ச்சல் வருதுன்னு யாரோ சொல்லிட்டாங்களாம். அதனால, புள்ள கண்ணுல படாம..."

"என் கடைப் படுதாவுக்குப் பின்னாடிதான் நிக்கும்," என்றான் அறிவரசன். "ஞாயித்துக்கிழம தவறாது."

மலர்கொடி துண்டை முகத்திலிருந்து இறக்கினாள். "இத அப்படியே வந்து சொல்லுங்க! போதும்!"

"எங்க வந்து?"

"எதிர்லதான். இல்லத்துலதான் குழு கூடுது."

அவன் முகம் மாறிவிட்டது. "அந்த கேட்டுக்குள்ள நான் போவ மாட்டேங்க."

எவ்வளவு கேட்டும் காரணம் சொல்லவில்லை. அவன் டயரை மாட்டி முடித்ததும் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டாள் அவள். "படுதா கட்டி நெழல் குடுத்தா போதும்னு நெனப்பு! நல்லா இருங்க."

வழியெல்லாம் திட்டித் தீர்த்தாள். ஆனால் அந்தக் கண்கள் மட்டும் கூடவே வந்தன...

செவ்வாய்க்கிழமை. பச்சையம்மாள் சேலைத் தலைப்பைக் கசக்கியபடி உட்கார்ந்திருந்தாள். "நீ வந்ததை யாரும்மா பார்த்தது?" என்று குழுவினர் கேட்டார்கள். பால்வாடியில் இடம் பேசிவிட்டதாக மலர்கொடி சொல்லிப் பார்த்தாள். பெற்றவள் வந்ததுக்குச் சாட்சி வேண்டும் என்றார்கள்.

வாசலில் நிழல் விழுந்தது. கையெல்லாம் கிரீஸோடு நின்றான் அறிவரசன்.

"நான் பாத்தேன் சார். நானும் இந்த இல்லத்துல வளந்தவன்தான். எங்கம்மா வரவே இல்லன்னு இத்தன வருசம் கோவத்துல, எதிர்லயே கடை வச்சும் இந்த கேட்டத் தாண்டல. இந்த அக்கா ஒளிஞ்சு நிக்கிறதப் பாத்தப்பறம்... எங்கம்மாவும் எங்கயாச்சும் நின்னுருக்குமோன்னு..."

கிரீஸ் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பால்வாடியில் சேர்த்துவிட்டுப் பிள்ளையை வைத்துக்கொள்ளலாம் என்று குழு எழுதிக் கொடுத்தது. சுமதி ஓடி வந்து, "இன்னிக்கு வேல இல்லியாம்மா?" என்றாள். அவ்வளவுதான், பச்சையம்மாள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே வந்ததும் மலர்கொடி மெதுவாகச் சொன்னாள். "அன்னிக்கு ரொம்பப் பேசிட்டேங்க."

"நானும் ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு பஞ்சரே இல்ல. காத்தப் புடிச்சு வெக்கிற வால்டியூப்தான் போயிருந்துச்சு. சும்மா கழட்டிக்கிட்டு இருந்தேன்..."

"ஏனாம்?"

"மழையில உடனே போவ வேண்டாமேன்னு..." தலை குனிந்தான். "அன்னியிலேருந்து எனக்கும் ஏக்கம் புடிச்சிருச்சுங்க."

"அப்ப இனிமே கண்ணுல படாம இருந்துடறேன்."

"அய்யய்யோ... கண்ணெதிர்லயே இருங்க. காலம் பூரா."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "எனக்கும்தான்... ஆனா, எங்கப்பாகிட்ட வந்து முறையாக் கேக்கணும்."

அவன் சிரிப்பு அணைந்தது. "பொண்ணு கேட்டு வர எனக்கு யாரு இருக்கா?"

"ஏன், நான் இல்லியா தம்பி?" பின்னால் பச்சையம்மாள் குரல். இடுப்பில் சுமதி. "வெத்தல பாக்கோட நான் வரேன். இந்தத் தடவ ஒளிஞ்சு நிக்க மாட்டேன்... வாசல் வழியாவே வரேன்."